பூம்பாறைக்காரியின் ஜோடி

பள்ளிக்கூடத்தில் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ஒரே பெயரில் வகுப்புக்கு மூன்று பேர் இருந்தோம். அதனால் விடுதி வார்டனம்மா ஊர்ப் பெயரை வைத்தே எங்களைப் பிரித்து வைத்திருந்தார். நான் பழனி. காப்பித் தோட்டத்திலிருந்து வந்தவள் பண்ணைக்காடு. மேல்மலையில் பூண்டு போடுகிற வீட்டுப் பெண் பூம்பாறை. கோடைக்கானல் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மூத்த மகள் கோடை. அவள் மட்டும் தினமும் வீட்டிலிருந்து வருகிறவள். வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறவள் என்பதால் அவள் மேல் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

சனிக்கிழமை தோறும் பள்ளிக்கூடமே நடக்கப் போகும். இரண்டு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்றைக்கே உயரம் பார்த்து ஜோடி சேர்த்துவிடுவார்கள். எனக்குப் பண்ணைக்காடு, பூம்பாறைக்குக் கோடை. இரண்டு வருஷம் போவதற்குள் பண்ணைக்காடு என்னைவிட ஒரு முழம் வளர்ந்துவிட்டாள். அவள் ஒரு எட்டு வைத்தால் நான் இரண்டு எட்டு ஓட வேண்டும். ஆளை மாற்றிக் கொடுங்கள் என்று போய்க் கேட்டேன். "ஜோடின்னா ஜோடிதான். கல்யாணம் ஆனப்புறம் புருஷனையும் மாத்திக் கேப்பியோ?" என்றார் வார்டனம்மா. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் அவர் அப்படித்தான்.

கோடைக்கானலில் மேகம் இறங்கிவிட்டால் முன்னால் போகிறவள் முதுகு பின்னால் வருகிறவளுக்குத் தெரியாது. அதற்காக ஒரு ஏற்பாடு இருந்தது. முன்னால் போகிற ஜோடி வளைவு தாண்டியதும் திரும்பி நின்று, "ஜோடி!" என்று குரல் கொடுக்க வேண்டும். பின்னால் வருகிற இருவரும் சேர்ந்து, "இருக்கோம்!" என்று சொல்ல வேண்டும். ஒருத்தி குரல் மட்டும் வந்தால் வரிசை முழுவதும் நின்றுவிடும். தொலைந்துபோனவளுக்கு மட்டுமல்ல, அவளுடைய ஜோடிக்கும் அன்று சாயங்காலம் காப்பி கிடையாது. காப்பிக்குப் பயந்தாவது ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.

படிப்பு முடிந்து, ஆளுக்கொரு பக்கம் கல்யாணமாகிப் போன பிறகும் அந்த நடையை நாங்கள் விடவில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு நாள், தைப்பூசக் கூட்டம் கலைந்த பிறகு, நான்கு பேரும் கோடைக்கானலில் கூடி ஒரு முழுப் பகல் நடப்போம். எங்கள் வீட்டில் அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை. பூசம் முடியாமல் என்னால் அசைய முடியாது. மாமியாரிடம் நேர்த்திக்கடன் என்று சொல்லியிருந்தேன். எந்தச் சாமிக்கு என்று கேட்டார். மலைமேல் இருக்கிற குறிஞ்சி ஆண்டவருக்கு என்றேன். "கண்ணு முன்னால பழனியாண்டவர் நிக்கும்போது, பஸ் ஏறிப் போயி இன்னொரு முருகனுக்கு நேர்த்தியா?" என்று வருஷா வருஷம் கேட்பார். வருஷா வருஷம் நான் வத்தலக்குண்டு போய் மலை பஸ் பிடிப்பேன். தன் ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தில் பண்ணைக்காடு ஏறிக்கொள்வாள். பூம்பாறை மேலிருந்து இறங்கி வருவாள். கோடையின் அப்பா வீட்டில் ராத் தங்கல். கோடையும் வத்தலக்குண்டிலிருக்கும் புருஷன் வீட்டிலிருந்து அதற்கென்றே வந்துவிடுவாள். முப்பது வயது தாண்டிய பெண்கள் நடுரோட்டில் "ஜோடி!" என்று கத்துவதையும், "இருக்கோம்!" என்று பதில் கத்துவதையும் பார்த்து ஏரிக்கரையில் குதிரை வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். வருஷத்தில் அந்த ஒரு நாள் நான் யாருக்கும் சோறு போட வேண்டியதில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு சித்திரையில் கோடை இறந்துபோனாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்து பிறந்த பிள்ளை. பிரசவமான மூன்றாம் நாள் ஜன்னி கண்டுவிட்டது. பிள்ளை பிழைத்தது, பெண் குழந்தை. கோடையின் அம்மா அதைத் தூக்கி வந்து மலையில் வைத்து வளர்த்தார். அம்மா வளர்த்தார் என்பது பேச்சுக்குத்தான். வளர்த்தது கோடையின் தங்கை. அவள் வீட்டுக்குக் கடைக்குட்டி, அக்காவைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இளையவள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை.

அடுத்த தைப்பூசம் வந்தது. பஸ் கண்டக்டர் மூலமாகப் பூம்பாறை சொல்லி அனுப்பினாள், இந்த வருஷம் தான் வரவில்லை என்று. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. விடியற்காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பி, கோடைக்கானலில் தங்காமல் அதே கையோடு பூம்பாறை பஸ்ஸையும் பிடித்துப் போய்விட்டேன். அவள் படிக்கட்டு வயலில் உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சோலி கெடக்கு. வரலைன்னா வரல" என்றாள்.

"உனக்கு மட்டுந்தான் சோலியா? நான் என்ன அங்க சும்மா உக்காந்திருக்கேனா?"

"நீங்க ரெண்டு பேரும் ஜோடி. போயி நடங்க. நான் யார்கூட நடக்க?"

பதில் இல்லாதபோது எனக்குக் குரல் உயரும். "நீ வரலைன்னா நாங்களும் நடக்கல. இத்தோட முடிஞ்சது. அப்புறம் ஒருத்தி செத்தா ஒருத்திக்குத் தகவல் சொல்ல ஆள் இருக்காது" என்று கத்தினேன். வயலில் இருந்த அவள் மாமியார் பயந்து நிமிர்ந்து பார்த்தார். பூம்பாறை கை கால் கழுவிவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு, ஒரு பையில் உருளைக்கிழங்கை அள்ளிப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள்.

அன்று சாயங்காலம் கோடையின் வீட்டில், அவளுடைய அம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எங்களிடம் சொன்னார். "வர்ற புதன்கிழமை பூ வைக்க வர்றாங்க. மூத்தவ எடத்துக்கு இளையவளையே குடுக்குறோம். கைப்பிள்ளைக்கு வேற யாரு இருக்கா? மாப்பிள்ளையும் நல்ல மனுசன். வெளியில பொண்ணு எடுத்தா வர்றவ எப்படி இருப்பாளோ."

அதற்குள் வந்து சேர்ந்திருந்த பண்ணைக்காடு, "நல்லதுதாம்மா" என்றாள். நானும் தலையாட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். ஊர் உலகத்தில் நடக்காததா? மாப்பிள்ளைக்கு நாற்பது, இவளுக்கு இருபது. அதையும் பார்க்காமல் விடுகிற வழக்கம்தான். பெண் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை. பூம்பாறை மட்டும் எழுந்து வெளியே போய் வாசலில் நின்றாள். குளிரில் அவ்வளவு நேரம் என்ன செய்தாளோ.

மறுநாள் காலை நாங்கள் கிளம்பும்போது, கோடையின் தங்கையும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவள் போட்டிருந்தது கோடையின் பச்சை ஸ்வெட்டர். பண்ணைக்காடுதான் அழைத்திருக்கிறாள். என் காதில், "மூணு பேரா எப்படி நடக்கிறது? பூம்பாறை பாவம், தனியா வருவா. கோடையோட தங்கச்சியே வந்தா ஜோடி சேர்ந்திருமில்ல" என்று கிசுகிசுத்தாள். அவள் மனசு சுத்தம். அன்று வரை எங்களுக்கு ஜோடி குறைவதென்றால் என்னவென்று தெரியாது. ஆறாம் வகுப்பிலிருந்து பழகிய கணக்கில், ஒரு இடம் காலியானால் ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்றுதான் புத்தி போயிற்று.

நானும் பண்ணைக்காடும் முன்னால் நடந்தோம். பூம்பாறையும் அந்தப் பெண்ணும் பின்னால். ஏரியைத் தாண்டி, ஏற்றம் ஏறி, வட்டக்கானல் போகும் பாதையில் இறங்கினோம். வழக்கமாகப் பின்னாலிருந்து பேச்சு நிற்காது. கோடைதான் பேசுவாள், பூம்பாறை 'உம்' கொட்டுவாள். அன்று செருப்புச் சத்தம்தான் கேட்டது. நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். பூம்பாறை, பாதையின் ஓரத்தோடு ஓரமாக, பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி இடம் விட்டு நடந்தாள். தங்கை அதற்கும் அப்பால், எட்டு வைத்தால் குற்றமோ என்கிற மாதிரி வந்தாள்.

வட்டக்கானலில் நாலைந்து வீடுகள்தான் அப்போது. அதைத் தாண்டினால் வெள்ளகவிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. வெள்ளகவிக்காரர்கள் இரண்டு பேர் எலுமிச்சை மூட்டையோடு ஏறி வந்தார்கள். பாரம் சுமப்பவருக்கு மலைப்பக்கம் விட்டு நாங்கள் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நின்றோம். "எங்கத்தா போறீங்க, கல்யாண வீடா?" என்று கேட்டார் ஒருவர். சும்மா நடக்கிறோம் என்று சொன்னால் அவருக்குப் புரியாது. ஆமாம் என்றேன்.

கொஞ்ச தூரத்தில் மேகம் இறங்கியது. வேர்கள் குறுக்கே ஓடும் பாதை, பக்கத்தில் பள்ளம். வளைவு தாண்டியதும் பண்ணைக்காடு பழக்கதோஷத்தில் திரும்பி நின்று, "ஜோடி!" என்று கத்திவிட்டாள்.

பதில் வரவில்லை. பிறகு ஒரு குரல் மட்டும், "இருக்கோம்!" என்றது. கோடையின் குரல்.

தங்கைதான் சொல்லியிருக்கிறாள். சின்ன வயதில் அக்கா சொல்லிக் கேட்டு விளையாட்டாகக் கற்றுக்கொண்டது. அதே இழுப்பு, அதே ராகம். பாவம், எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பூம்பாறை அந்தப் பெண்ணைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். இருபது வருஷப் பழக்கத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"யாரு ஒன்னையச் சொல்லச் சொன்னது? நீ எனக்கு ஜோடியா?"

"இல்லக்கா, நான் வந்து..."

"அவ ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு அவ கொரல்ல பேசினா நீ அவளாயிருவியா? ஆளு செத்துப்போனா அந்த எடம் காலியாத்தான் கெடக்கும். கெடக்கட்டுமே! எதுக்கு எல்லாருமா சேந்து அதுல ஆளக் கொண்டாந்து வைக்கிறீங்க?"

பண்ணைக்காட்டுக்கு அழுகை வந்துவிட்டது. "ஏண்டி, பச்சப்பிள்ளைகிட்டயா காட்டுவ? நாந்தாண்டி கூப்பிட்டேன், என்னையத் திட்டு" என்றாள். நான் என் பங்குக்குப் பூம்பாறையைப் பிடித்துக்கொண்டேன். செத்தவள் உனக்கு மட்டும் சொந்தமா, இவளுக்குக் கூடப்பிறந்தவள் இல்லையா என்று கேட்டேன். பாதையோ ஒற்றையடி. ஒருத்தியை ஒருத்தி தாண்டிப் போகக்கூட முடியாத இடத்தில் நின்றுகொண்டு மூன்று பேரும் சண்டை போட்டோம்.

அந்தப் பெண் அழவில்லை. ஸ்வெட்டரின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, குளிரில் நடுங்கியபடி பூம்பாறையைக் கேட்டாள்.

"இப்பச் சொன்னீங்கள்ல, அத எங்க அப்பாகிட்ட வந்து சொல்றீங்களா?"

எங்கள் சண்டை நின்றது.

அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்தோம். அவள் சொன்னாள். அத்தான் நல்லவர்தான். ஆனால் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்காவின் சேலையில் ஒன்றை எடுத்து வந்து, இதைக் கட்டிக்கொண்டு வா என்கிறார். கட்டிக்கொண்டு வந்தால் முகத்தைப் பார்க்காமல் சேலையைப் பார்க்கிறார். அக்கா மாதிரி குழம்பு வை என்று அம்மா சொல்லித் தருகிறார். பிள்ளைக்கு அவளைக் காட்டி 'அம்மா' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை என்றால் அவளுக்கு உயிர். வேண்டாம் என்று சொன்னால் அத்தான் வேறு கல்யாணம் செய்துகொண்டு பிள்ளையைத் தூக்கிப் போய்விடுவார். சரி என்றால் பிள்ளை இருக்கும், இவள் இருக்க மாட்டாள்.

"எங்க அக்கா இருந்தா என்ன சொல்லியிருப்பா?" என்று கேட்டாள்.

பண்ணைக்காடு, பிள்ளைக்காகக் கட்டிக்கொள் என்றுதான் சொல்லியிருப்பாள் என்றாள். நான், உனக்குப் பிடிக்காததைச் செய்யச் சொல்ல மாட்டாள் என்றேன். எனக்கென்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியல. அவகிட்டக் கேக்க முடியாதுல்ல. என்னையக் கேட்டா, எனக்குப் பிள்ளையும் தெரியாது கல்யாணமும் தெரியாது. எனக்கு அவதான் வேணும்" என்றாள் பூம்பாறை.

அந்தப் பெண் அப்போதுதான் உடைந்தாள். "எனக்கும் அவதான் வேணும்க்கா" என்று பூம்பாறையின் தோளில் விழுந்து கதறினாள். கிட்டத்தட்ட ஒரு வருஷம். பால் காய்ச்சினாள், துணி துவைத்தாள், அக்கா சேலையைக் கட்டினாள், அக்கா குழம்பை வைத்தாள். அக்கா போய்விட்டாள் என்று அழ அவளுக்கு யாரும் ஒரு நாள் ஒழித்துக் கொடுக்கவில்லை. அவளே அக்காவாகிவிட்டால் யாருக்காக அழுவது? எனக்கு அந்த வீட்டின் மேலும், முந்தின நாள் தலையாட்டிய என் தலையின் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கொண்டுபோன புளிச்சோற்றை யாரும் சாப்பிடவில்லை. அப்படியே திரும்பினோம்.

கடையில் அவளுடைய அப்பா துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். நான்கு பேரும் போய் நின்றோம். சொல்கிறேன் என்று வந்த பூம்பாறைக்கு, ஆம்பிளை முன்னால் நின்றதும் வாய் திறக்கவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பெண்ணைக் கேட்காமல் பூ வைப்பதா, ஒருத்தி செத்தால் இன்னொருத்தியை எடுத்து வைக்க இது என்ன உங்கள் கடை அலமாரியா என்றேன்.

அவர் தராசை இறக்கி வைத்தார். "நீங்க நடக்கப் போனீங்களா, நாட்டாமை பண்ணப் போனீங்களா?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "என்னத்தா?" என்றார்.

"எனக்கு அத்தான் வேண்டாம்ப்பா."

"பிள்ளை?"

"பிள்ளை வேணும்."

"ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும்."

அதற்குள் சத்தம் கேட்டு அவளுடைய அம்மா உள்ளிருந்து வந்தார். இடுப்பிலிருந்த பிள்ளையை மகள் கையில் கொடுத்துவிட்டார். அது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கம்மலைப் பிடித்து இழுத்தது. இதற்கு மேல் ஒருத்தி என்ன சொல்வாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் பிள்ளையின் கையைக் கம்மலிலிருந்து விடுவித்து, அதன் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்து, "அப்ப வேண்டாம்ப்பா" என்றாள்.

அந்தப் புதன்கிழமை யாரும் பூ வைக்க வரவில்லை. அவளுடைய அம்மா ஊரெல்லாம் எங்களைத்தான் திட்டினார், திட்டியதில் நியாயம் இல்லாமலும் இல்லை. வைகாசியில் மாப்பிள்ளை தன் சொந்தத்தில் ஒரு பெண்ணைக் கட்டினார். நல்ல பெண் என்றே கேள்வி. ஆனியில் இருவரும் வந்து பிள்ளையைத் தூக்கிப் போனார்கள். பஸ் ஸ்டாண்டில் பிள்ளையைப் புது அம்மா கையில் கொடுத்தது இவள்தான். பிள்ளை இவளைப் பார்த்து, "அம்மா, அம்மா" என்று கையை நீட்டி அலறியிருக்கிறது. பஸ் இறங்கிப் போகிற வரைக்கும் இவள் நின்றிருக்கிறாள். பிறகு வீட்டுக்குப் போகாமல், அங்கேயே நின்ற பூம்பாறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இதைப் பூம்பாறை எனக்கு அடுத்த வருஷம் சொன்னாள். மேல்மலையில் அப்போது பூண்டு ஊன்றுகிற காலம். பல் பல்லாக உடைத்த பூண்டைக் கூடையில் வைத்துக்கொண்டு வயலில் குனிந்திருந்தாளாம். நிமிர்ந்தால் வரப்பில் அந்தப் பெண் நிற்கிறாள். கையில் பையில்லை, மாற்றுச் சேலை இல்லை.

"என்னடி சொன்னே அவகிட்ட?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? ரெண்டு பேரும் அழுதோம். அப்புறம், குனிஞ்சு ஊனத் தெரியுமான்னு கேட்டேன். தெரியாதுன்னா. காட்டிக் குடுத்தேன். இருட்டுற வரைக்கும் ஊனினோம்."